கிழக்குக் கரைக்குக் கேரவனில் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கணக்கு பார்ப்பது என் தொழில், அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். உள்ளேயே படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள கேரவன் வேனுக்கு வாடகை 2,880 வெள்ளி. டீசலும் டோலும் 520. முகாம் கட்டணங்கள் 260. வழியில் பட்டறைச் செலவு 140. வெக்கை தாங்காமல் ஓட்டலில் போய்ப் படுத்த ஓர் இரவுக்கு 190. சாப்பாட்டை இதில் சேர்க்கவில்லை. இதற்கு மேல், முன்பணமாகக் கட்டிய 2,000 வெள்ளியில் 1,350ஐப் பிடித்துக்கொண்டார்கள். அதைத் திரும்ப வாங்கப் பட்ட பாடு தனிக் கதை, கடைசியில் சொல்கிறேன். கோலாலம்பூரிலிருந்து கிளம்பி குவாந்தான், செராத்திங், டுங்குன், பெனாரிக் என்று கடலை ஒட்டியே நிதானமாகப் போய்வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. போகுமுன் நம் ஆட்கள் யாராவது இதைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன். கிடைத்ததெல்லாம் படங்கள்தான். திறந்த பின்கதவு, அதற்கு அப்பால் கடல், ஒரு கோப்பை காப்பி. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், கழிவறைத் தொட்டியை எங்கே கொட்டுவது என்பதையெல்லாம் யாரும் படமெடுத்துப் போடுவதில்லை.

வருமான வரிக் கணக்கு பார்த்துக் கொடுக்கும் அலுவலகம் எங்களுடையது. மார்ச் பிறந்துவிட்டால் மே 15 வரை, அதாவது சம்பளக்காரர்கள் பிஇ படிவத்தை இணையம் வழி அனுப்புவதற்கான கடைசி நாள் வரை, ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எங்களுக்குக் கிடையாது. அது முடிந்த கையோடு லீவு போட்டேன். கூட வருவதாகச் சொன்ன தோழி கடைசி நேரத்தில் கழன்றுகொண்டாள். செந்தூலில் இருக்கும் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ரோட்டோரத்துல படுத்துத் தூங்கறதுக்கா மூவாயிரம் வெள்ளி குடுக்கறே?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் மாதத்தைப் பொறுத்தவரை மே சரியான தேர்வுதான். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. கிளந்தான், திரெங்கானு, பகாங் மூன்றிலும் வெள்ளம் வரும், கடல் கொந்தளிக்கும், தீவுகளுக்குப் படகு ஓடாது. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரைதான் அந்தப் பக்கம் நல்ல காலம். வெயில் மட்டும் மண்டையைப் பிளக்கும்.

வண்டியைத் தேடும்போது எல்லோரும் உள்ளே மெத்தை எப்படி, அடுப்பு எப்படி என்றுதான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது காகிதங்களை. சாதாரண டி வகை ஓட்டுநர் உரிமம் போதுமா என்று கேளுங்கள். வண்டியின் வெற்று எடை 3,500 கிலோவுக்குள் இருந்தால் போதும். ஆனால் உங்களுடையது டிஏ என்றால் கியர் மாற்றும் வண்டியை நீங்கள் ஓட்டக்கூடாது, இந்த வேன்களில் பலவும் கியர் வண்டிகள்தான். அடுத்தது காப்புறுதி. வண்டியை வாடகைக்கு விடுவதற்கென்று தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அப்பாட் கொடுக்கும் உரிமம் இருக்கிறதா, காப்புறுதியும் அதற்கேற்றபடி எடுத்ததுதானா என்று கேட்டு, நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்த காப்புறுதியை வைத்துக்கொண்டு வாடகைக்கு விடும் வண்டியில் விபத்து நடந்தால், காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடும். கண்ணாடிக்கும் வெள்ளச் சேதத்துக்கும் தனியாகக் கட்டிச் சேர்த்தால்தான் காப்பு உண்டு, அதையும் கேளுங்கள். பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் டோலில் இரண்டாம் வகுப்புக் கட்டணம், சாதாரண நான்கு சக்கரம் என்றால் முதல் வகுப்பு. டீசல் வண்டியா பெட்ரோல் வண்டியா என்பதும் இப்போது சின்ன விஷயமில்லை. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் மானியத்தை எடுத்தபோது லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து ஒரே நாளில் 3.35 ஆனது. அதற்கு முந்தைய பழைய பதிவுகளில் இருக்கும் செலவுக் கணக்கை நம்பி வரவுசெலவு போடாதீர்கள்.

வண்டியை ஒப்படைத்த தம்பி நம்ம பையன்தான். நல்ல மாதிரி, ஆனால் அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்கும் அவசரம். தண்ணீர்த் தொட்டி இங்கே, சுவிட்சு அங்கே, ஏர்கோன் ரிமோட் இது என்று கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். பேட்டரியைப் பற்றிக் கேட்டேன். "எல்லாம் ஈசிதான்கா, ஓட்டும்போது தானா சார்ஜ் ஆயிடும். டவுட்டுன்னா வாட்ஸ்அப் பண்ணுங்க." நான் கைப்பேசியில் உள்ளும் புறமும் படம்பிடித்துக்கொண்டேன். டயர், பம்பர், இருக்கை, குளிர்ப்பெட்டி உள்பக்கம் எல்லாம் அதில் இருந்தது. கூரை மட்டும் இல்லை. தரையில் நிற்கிற ஆளுக்கு 2.8 மீட்டர் உயர வண்டியின் கூரை எப்படித் தெரியும்? நீளமான செல்பிக் குச்சி ஒன்று 20 வெள்ளிக்குக் கிடைக்கிறது. அதில் கைப்பேசியை மாட்டித் தலைக்கு மேலே தூக்கி, கூரையைச் சுற்றிலும் படமெடுங்கள். இந்த ஒரு வரிக்காகவே இந்தப் பதிவை 350 வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம், ஏன் என்று பிறகு தெரியும்.

ஒப்படைக்கும் இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே இருக்கும் பேட்டரியின் மீட்டரைப் பாருங்கள். வேனில் இரண்டு பேட்டரி உண்டு. ஒன்று வண்டியைக் கிளப்புவதற்கு, மற்றது விளக்கு, மின்விசிறி, குளிர்ப்பெட்டி, தண்ணீர் பம்பு ஆகியவற்றுக்கு. இன்ஜின் ஓடும்போது இந்த இரண்டாவது பேட்டரிக்கும் சார்ஜ் ஏற வேண்டும். சரியாக ஏறுகிறது என்றால் மீட்டரில் எண் 13.5 வோல்ட்டுக்கு மேலே போகும். 12.5லேயே அசையாமல் நின்றால் எங்கோ கோளாறு. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் டுங்குனில் ஒரு மெக்கானிக், பயணத்தின் பாதியில்.

கோம்பாக் டோலைத் தாண்டி கெந்திங் செம்பா ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முக்கிக்கொண்டு போனது வேன். பக்கத்தில் லோரி கடந்தால் வண்டியே ஓர் அடி நகர்ந்த மாதிரி ஆடும். மைவி என்ற சின்னக் காரை ஓட்டிப் பழகிய கைக்கு இது புதுசு, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துப் பிடித்துத் தோள்பட்டை கழன்றே போனது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காதீர்கள், கியரைக் குறைத்து இன்ஜினே வண்டியைப் பிடிக்க விடுங்கள். எண்பதுக்கு மேல் போகாமல் இடது தடத்திலேயே போனேன். பின்னால் வருகிறவர்கள் விளக்கடித்தால் அடிக்கட்டும். தெமர்லோவில் நெடுஞ்சாலை ஓய்விடமான ஆர் அண்ட் ஆரில் பாத்தின் மீன் குழம்போடு சாப்பிட்டுவிட்டு, குவாந்தான் போய்ச் சேரவே சாயங்காலமாகிவிட்டது. காடியில் மூன்று மணி நேரத்தில் போகிற தூரம். கூகுள் காட்டும் நேரத்தோடு பாதியைக் கூட்டித் திட்டம் போடுங்கள். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடங்களை மறந்துவிடுங்கள், நுழைவாயில் உயரம் பெரும்பாலும் 2.1 மீட்டர்தான்.

குவாந்தானின் தெலுக் செம்பெடாக் கடற்கரையில் சன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் போட நினைக்காதீர்கள். அங்கே குரங்குகள் அதிகம், நம்மைவிட நன்றாக வண்டிக் கதவு திறக்கத் தெரிந்தவை. என் பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு போன குரங்கு, போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனது.

முதல் இரவு செராத்திங் பக்கம் ஒரு முகாமில். மின்சார இணைப்பு உண்டு என்று முன்பதிவிலேயே போட்டிருந்தார்கள். உண்டுதான். ஏர்கோன் ஓடிக்கொண்டிருக்கும்போது கெட்டிலைப் போட்டேன், மொத்த வரிசையிலும் விளக்கு அணைந்தது. பக்கத்துக் கூடாரத்துக் குழந்தை அழத் தொடங்கியது. முகாம்காரர் வந்து சுவிட்சைத் தூக்கிவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் என்றார். இணைப்பு வயரை உருளையில் சுற்றியபடியே வைத்து மின்சாரம் இழுக்காதீர்கள், சூடேறி உருகும். முழுவதையும் அவிழ்த்துத் தரையில் போட்டுவிடுங்கள். இதுகூடப் பரவாயில்லை. பெரிய விஷயம் என்னவென்றால், விளம்பரத்தில் "முழு நேர ஏர்கோன்" என்று போட்டிருந்தது இப்படி வெளி மின்சாரத்தில் செருகியிருக்கும்போது மட்டும்தான். கடற்கரையில் தனியாக நிறுத்தினால் பேட்டரியை நம்பித்தான் இருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி லீட் ஆசிட் பேட்டரி என்றால் கையிருப்பு 1,200 வாட் மணி. அதில் பாதியைத்தான் தொடலாம், அதற்குக் கீழே இறக்கினால் பேட்டரி கெடும். ஆக 600. கூரை ஏர்கோன் சுமார் 800 வாட் இழுக்கும், அதாவது முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. குளிர்ப்பெட்டி 50 வாட்தான், ஆனால் வெயிலில் பாதி நேரமாவது ஓடிக்கொண்டிருக்கும், ஒரு நாளைக்கு 600 வாட் மணி அதற்கே போய்விடும். வரவு இல்லாமல் செலவு மட்டும் நடந்தால் இரண்டாம் நாள் கையில் ஒன்றும் இருக்காது. வரவு மூன்று வழியில் வரும்: ஓட்டும்போது இன்ஜினிலிருந்து, கூரைச் சூரியத் தகட்டிலிருந்து, முகாம் மின்சாரத்திலிருந்து. வெயிலுக்குப் பயந்து சவுக்கு மர நிழலில் நிறுத்தினால் சூரியத் தகடு தூங்கும், வெயிலில் நிறுத்தினால் நாம் வேகிறோம். லித்தியம் பேட்டரி உள்ள வண்டி கிடைத்தால் இரவுக்கு 50 வெள்ளி கூடுதலாகக் கேட்டாலும் எடுங்கள். அதே அளவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு பயன்படுத்தலாம்.

செராத்திங்கிலிருந்து கிளம்பி நெடுஞ்சாலையை விட்டுவிட்டு, பழைய மூன்றாம் எண் கூட்டரசுச் சாலையில் போனேன். கடலோரம் போக வேண்டுமென்றால் இதுதான் வழி. இரண்டாம் கிழக்குக்கரை நெடுஞ்சாலை உள்நாட்டுக்குள் போகிறது, அதில் கடல் கண்ணில் படாது. கெமாசிக், கெர்த்தே, பாக்கா என்று கம்பம் கம்பமாகப் போகும் சாலை. இருட்டிய பிறகு இதில் ஓட்டாதீர்கள். மாடுகள் நடுச்சாலையில் படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கும், கறுப்பு மாடாக இருந்தால் பக்கத்தில் போகும்வரை தெரியாது. டுங்குனுக்கு முன்னால் ஒரு கடற்கரையில் நிறுத்தினேன். காற்று, அலை, ஓர் ஆளும் இல்லை. இதற்குத்தானே வந்தோம் என்று நிம்மதியாகப் படுத்தேன். விடிகாலையில் மின்விசிறி நின்றுபோன அமைதியில்தான் விழிப்பு வந்தது. மீட்டரில் 11.3. இந்த வகைப் பேட்டரி முழுதாக இருந்தால் 12.7 காட்டும், 12.2 என்றால் பாதி, 11.8க்குக் கீழே போனால் செத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்ப்பெட்டியில் அம்மா உறைய வைத்துக் கொடுத்த ஆட்டிறைச்சிப் பிரட்டல், ஐஸ்கிரீம் டப்பாவில். "ரோட்டோரம்" என்று திட்டினாலும் சாப்பாட்டைக் கட்டிக் கொடுக்காமல் விடுவாரா? குளிர்ப்பெட்டி எப்போது நின்றதோ தெரியவில்லை. மே மாத வெயிலில் பூட்டிய வேன் அடுப்புதான். டப்பாவின் மூடி உப்பி மேலே எழுந்திருந்தது. விரலால் அழுத்தினேன், புஸ்ஸென்று காற்று வந்தது, கூடவே அந்த நாற்றம். தூக்கும்போது அடி பிளந்து, எண்ணெயும் மசாலாவும் கீழ் இழுப்பறையில் இருந்த துண்டுகள் மேல் வடிந்தது. பட்டையும் சோம்பும் கெட்டுப்போன இறைச்சியும் கலந்த வாடை எப்படி இருக்கும் என்பதை இதைப் படிக்கிறவர்களுக்கு விவரிக்க வேண்டாம். மூன்று பிளாஸ்டிக் பைகளில் கட்டி, கடற்கரையில் வீசினால் உடும்பும் நாயும் கிளறும் என்பதால் காலடியில் வைத்துக்கொண்டே ஓட்டினேன், குப்பைத் தொட்டி கண்ணில் படும்வரை. அழுகை வந்தது, உண்மையைச் சொல்கிறேன். இறைச்சிக்காக இல்லை. அம்மா அதற்காக சௌக்கிட் சந்தைக்குப் போய் வந்தது தெரியும், அதனால்.

பட்டறை தேடிப் போனால் எல்லாம் மூடியிருக்கிறது. அன்று வெள்ளிக்கிழமை. திரெங்கானுவிலும் கிளந்தானிலும் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை, ஞாயிறு வேலை நாள். கோலாலம்பூர்க்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான், ஆனால் நாளைத் திட்டமிடும்போது மண்டையில் ஏறுவதில்லை. பட்டறை, வங்கி, அலுவலகம் என்று எந்த வேலை இருந்தாலும் ஞாயிறு முதல் வியாழனுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வியாழன் இரவு தொடங்கி கடற்கரைகளில் உள்ளூர்க் குடும்பங்கள் நிறையும், வெள்ளி இரவு நம் பக்கத்துக் கூட்டமும் வந்து சேரும். அமைதி வேண்டுமென்றால் ஞாயிறு மாலையிலிருந்து புதன் வரைதான். நிறுவனத்துக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. அன்று இரவு ஓட்டலில் படுத்தேன், கீழே 480 வெள்ளி வாடகையில் வேன் சும்மா நின்றது.

மறுநாள் காலை ஒரு பட்டறை திறந்திருந்தது. வயதான பாக்சிக், வாயில் பல்குச்சி. அரை மணி நேரம் ஒயரைத் தடவிக்கொண்டே போய், ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஒரு பியூஸைக் கழற்றிக் கையில் வைத்தார். பச்சைப் பாசி பிடித்த மாதிரி களிம்பேறி, நடுவில் அறுந்திருந்தது. "இனி லாமா டா பூத்துஸ், காக்" என்றார், இது அறுந்து ரொம்ப நாளாச்சு அக்கா என்று. நான் வண்டியை எடுப்பதற்கு வெகு முன்பே அறுந்தது அது, இன்ஜினிலிருந்து ஒரு சொட்டு மின்சாரம்கூட உள்ளே வந்ததில்லை. புது பியூஸ், அதன் கூடு, ஒயர் முனை, கூலி எல்லாம் சேர்த்து 140. ரசீது கேட்டேன். ரசீதில் "பழைய பியூஸ், துருப்பிடித்தது" என்று எழுதி, தேதி போட்டு, கடை முத்திரை குத்திக் கொடுக்கச் சொன்னேன். பழைய பியூஸையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் ரசீது இல்லாத செலவு செலவே இல்லை, அந்தப் பழக்கம் இங்கே காப்பாற்றியது. உங்கள் வண்டியில் எது பழுதானாலும் சரிசெய்வதற்கு முன் படம், பின் படம், ரசீது, அப்புறம் நிறுவனத்துக்கு எழுத்தில் ஒரு செய்தி. தொலைபேசியில் மட்டும் பேசி முடிக்காதீர்கள். நிறுவனம் அன்று மாலை பதில் போட்டது: நீங்கள் ஏர்கோனைப் பேட்டரியில் ஓட்டியிருப்பீர்கள்.

அதற்குப் பிறகு வண்டி ஒழுங்காக ஓடியது, அந்த நாள்கள் நன்றாகவே இருந்தன. ரந்தாவ் ஆபாங்கில் மதியம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தேன். 1950களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் தோணி ஆமைகள் ஏறி முட்டையிட்ட கரை, இப்போது அவை வருவதே அபூர்வம். பச்சை ஆமைகள் இன்னும் வருகின்றன, ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை. அதனால் இந்தக் கரையில் இரவு நிறுத்துகிறவர்கள் கடலைப் பார்த்து விளக்குப் போடாதீர்கள், வெளிச்சம் ஆமைகளையும் குஞ்சுகளையும் திசை மாற்றும். கோத்தா பாரு வரை போகும் திட்டத்தைக் கைவிட்டு, செத்தியூ பக்கம் பெனாரிக்கிலேயே தங்கிவிட்டேன். ஓரிடத்தில் இரண்டு இரவு தங்கினால்தான் இந்த வண்டிக்கு அர்த்தம். தினமும் படுக்கையை மடித்து, தண்ணீர் நிரப்பி, எல்லாவற்றையும் கட்டி, கிளம்பி, மறுபடி விரித்தால் அது வேலைக்குப் போவதைவிடக் களைப்பு.

தண்ணீர், கழிவு. யாரும் பேசாத விஷயம் இது. 60 லிட்டர் தொட்டி தனி ஆளுக்குச் சிக்கனமாக இரண்டு நாள் வரும். சூராவ் குழாயில் பிடிக்கலாம், ஆனால் கேட்டுவிட்டுப் பிடியுங்கள், தொழுகை நேரத்தில் போகாதீர்கள். கேட்டால் ஒருவர்கூட மாட்டேன் என்று சொன்னதில்லை, ஒரு பாக்சிக் குழாயை அவரே இழுத்துக்கொண்டு வந்தார். உண்டியலில் ஐந்து வெள்ளி போட்டுவிட்டு வந்தேன். கழிவறைத் தொட்டி 20 லிட்டர். அதை நெடுஞ்சாலை ஆர் அண்ட் ஆர் கழிவறையிலோ முகாம் கழிவறையிலோ, காலையில் கூட்டம் வருவதற்கு முன், துப்புரவாளரிடம் சொல்லிவிட்டு மெதுவாக ஊற்ற வேண்டும். கால்வாயிலோ புதரிலோ கொட்டவே கூடாது. கையுறை, முகமூடி, பழைய செருப்பு மூன்றும் தனிப் பையில் இருக்கட்டும். ஊற்றும்போது மூச்சை அடக்குங்கள், வேறு நுணுக்கம் ஒன்றும் இல்லை. சமையலைக் கூடுமானவரை வெளியே வையுங்கள். மூடிய வண்டிக்குள் கேஸ் அடுப்பு எரித்தால் கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாமல் ஆளைச் சாய்க்கும். சின்ன கேஸ் டின்களை வெயில் படும் சன்னலோரத்தில் விடாதீர்கள்.

பெனாரிக்கில் இரவு ஒன்பது மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். நெஞ்சு தொண்டைக்கு வந்துவிட்டது. விளக்கை அணைத்துவிட்டு, சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓட்டுநர் இருக்கைக்குத் தாவினேன். தனியாகப் போகிற பெண்கள் உள்ளிருந்தே ஓட்டுநர் இருக்கைக்குப் போகக்கூடிய வண்டியாகத்தான் எடுக்க வேண்டும், வண்டியின் முகம் சாலையைப் பார்த்திருக்கும்படி நிறுத்த வேண்டும். கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கினேன். டார்ச்சோடு ஒரு மீனவர். சவுக்கு இலை மூடியிருக்கும் இடம் கெட்டியாகத் தெரியும், அடியில் பொடி மணல், இன்னும் இரண்டடி போயிருந்தால் சக்கரம் புதைந்திருக்கும், என் மனைவியின் கடை முன்னால் விளக்கு இருக்கிறது, அங்கே வந்து நிறுத்து என்று சொல்லத்தான் வந்திருக்கிறார். நிறுத்தினேன். காலையில் அந்த மாக்சிக் கையால் சூரை மீன் குழம்போடு நாசி டாகாங் பசியாறியது இந்தப் பயணத்தின் ஆகச் சிறந்த நேரம். இருட்டுவதற்கு முன்பே அக்கம்பக்கத்தில் ஒரு கடையிலாவது போய்ப் பேசிவிடுங்கள், ஆள் தெரிந்தால் இரவில் தூக்கம் வரும். எங்கே நிற்கிறீர்கள் என்ற இருப்பிடத்தை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். வெறிச்சோடிய கடற்கரையைவிட எண்ணெய் நிலையத்தின் வெளிச்சம் ஆயிரம் மடங்கு மேல்.

இனி முன்பணம். வண்டியைத் திருப்பிக் கொடுத்த இரண்டாவது வாரம் கணக்கு வந்தது. கூரைக் கீறல் 700, பேட்டரிச் சேதம் 450, துர்நாற்றம் நீக்க 200. கூரைக் கீறல் எனக்கு முன் எடுத்தவர் போட்டதா, செராத்திங் முகாமின் மரக்கிளை போட்டதா என்பதை யாராலும் சொல்ல முடியாது, படம் இல்லை. மற்ற இரண்டும் அறுந்துபோன அவர்கள் பியூஸால் வந்தவை. ரசீதை அனுப்பினேன், "கம்பெனி பாலிசி" என்று பதில் வந்தது. மூன்று முறை மரியாதையாக எழுதிவிட்டு, பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போனேன். பலருக்கு இது இருப்பதே தெரிவதில்லை. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்குவது, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைக் கேட்கும், மனுக் கட்டணம் ஐந்தே வெள்ளி, மூன்று ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்தால் போதும். வழக்கறிஞர் வைக்க முடியாது, இரு தரப்பும் தாங்களே பேச வேண்டும். நமக்கு அது நல்லதுதான். படிவத்தோடு ஒப்பந்தம், படங்கள், பட்டறை ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொடுத்தேன்.

விசாரணைத் தேதி குறித்த நோட்டீஸ் அவர்களுக்குப் போன சில நாள்களில் அதுவரை பேசாத தவுக்கேயே, அதாவது நிறுவன முதலாளியே கூப்பிட்டார். 1,000 வெள்ளி தருகிறேன், மனுவை மீட்டுக்கொள் என்றார். கூரைக்கு 350ஐ விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டேன், நடையாய் நடப்பதைவிட அது மேல். ஆனால் அவர் முதலில் மனுவை மீட்கச் சொன்னார், நான் முதலில் பணம் என்றேன். அவர் இன்னொரு நிபந்தனையும் வைத்தார், ஐந்து நட்சத்திரம் போட்டு நல்லதாக நாலு வரி எழுத வேண்டுமாம். பணம் கணக்கில் ஏறிய மறுநாள் மனுவை மீட்டேன். நட்சத்திரம் போடவில்லை.